ஆக்ஸலாட்டலுக்கு எந்தக் குளிர்? காற்றாடி, ஐஸ் பாட்டில், ஏர்கான், சில்லர்

2021-இல் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டுக்குள் ஆக்ஸலாட்டல் வந்தாலும் வந்தது, மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்கும் தண்ணீரிலேயே வாழும் அந்தச் சாலமாண்டர் வகைப் பிராணி வேண்டுமாம். பெற்றோர் கேட்கும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒன்றேதான். என்ன தின்னும்? மண்புழு. எவ்வளவு வளரும்? ஓர் அடி வரை. எத்தனை நாள் இருக்கும்? நாளா? 10 முதல் 15 வருஷம்! படிவம் ஒன்றில் இருக்கும் பையன் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிற வரைக்கும் தொட்டியில் இருக்கும். இதையெல்லாம் கேட்பவர்கள், தண்ணீரை எப்படிக் குளிர வைப்பது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். குட்டியை வாங்கி வந்து, மூன்றாவது வாரம் அது சாப்பிடாமல் மிதக்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும்.

ஏர்கான் பழுதுபார்ப்பது என் தொழில். அதனால் இந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி என்னிடம் வந்து சேர்கிறது. தீனி, தொட்டி, வடிகட்டி பற்றியெல்லாம் எங்கு வேண்டுமானாலும் படிக்கலாம். குளிர்ச்சி விஷயத்தில் மட்டும் அங்கே படிப்பது இங்கே பலிக்காது. அதனால் அதை மட்டும் வைத்து வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பிராணியின் ஊரைப் பார்க்க வேண்டும். மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும்தான் அதன் பூர்வீகம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர். நம் கேமரன் மலையின் பிரிஞ்சாங் டவுன்கூட அவ்வளவு உயரமில்லை. அங்கே தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம். குளிர்காலத்தில் 6, 7 டிகிரி வரை இறங்கும். வீட்டில் வளர்க்க 16 முதல் 18 டிகிரி உத்தமம், 20 வரை பரவாயில்லை. 22-ஐத் தாண்டினால் அதற்கு அவஸ்தை ஆரம்பம். 24-க்கு மேல் நாள்கணக்கில் விட்டால் நோய் நிச்சயம்.

நம் வீட்டுத் தொட்டியில் ஒன்றும் செய்யாமல் விட்ட தண்ணீர் 28, 29 டிகிரியில் நிற்கும். தகரக் கூரை போட்ட பழைய தோட்டத்து லயன் வீடாக இருந்தால் மத்தியானத்தில் இன்னும் ஏறும். ஆக, 10 டிகிரி இறக்க வேண்டும். அதுவும் வருஷம் முழுக்க, இரவு பகல் பாராமல்.

சூடு ஏறினால் மூன்று கேடு சேர்ந்து வரும். 18 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 28 டிகிரியில் 7.8 மட்டும்தான். அதே சூட்டில் பிராணியின் உடல் வேகமாக ஓடி, அதிக ஆக்சிஜன் கேட்கும். மூன்றாவது அம்மோனியா. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் ஒரு பகுதிதான் நேரடி விஷம். 18-லிருந்து 28-க்குப் போனால் அந்தப் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் "தண்ணி நல்லாத்தானே மாத்துறேன்" என்று சொல்பவர் வீட்டிலும் செவுள் இறகுகள் முன்பக்கம் வளைந்து நிற்கின்றன, வால் நுனி சுருள்கிறது, செவுளில் பஞ்சுபோல வெள்ளைப் பூஞ்சை கட்டுகிறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

காற்றாடி

மிக மலிவான வழி இதுதான். தொட்டியின் மேல் ஒரு சின்னக் காற்றாடியை மாட்டி நீர்ப்பரப்பில் காற்று அடிக்க விடுவார்கள். தண்ணீர் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகும். வெளிநாட்டு வீடியோக்களில் இதைத்தான் முதல் யோசனையாகச் சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை, அவர்கள் ஊரில் அது வேலை செய்யும்.

ஆவியாதலுக்கு ஓர் எல்லை உண்டு. துணி சுற்றி நனைத்த வெப்பமானி எந்த அளவைக் காட்டுகிறதோ, காற்றாடி அதற்குக் கீழே தண்ணீரைக் கொண்டு போகாது. ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 35 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள பாலைநில ஊரில் அந்த எல்லை 19 டிகிரி. ஆக்ஸலாட்டல் பிழைத்துக்கொள்ளும். சுங்கை சிப்புட்டில் பகல் 31 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்தால் எல்லை 26 டிகிரி. இரவில் மழை பெய்து 24 டிகிரிக்கு இறங்கினாலும், காற்று முழுக்க ஈரம் என்பதால் எல்லை 23-க்கு மேலேயேதான் நிற்கும். எத்தனை காற்றாடி மாட்டினாலும் இதுதான் கதை. ஒன்றுக்கு நான்கு மாட்டியவரையும் பார்த்திருக்கிறேன். கரண்ட் காசு போனதுதான் மிச்சம்.

கேமரன் மலையில் குடியிருப்பவருக்கு இதே காற்றாடி பொன்னான யோசனை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐஸ் பாட்டில்

"அண்ணே, ஐஸ்பெட்டியிலதான் எடம் இருக்கே, ரெண்டு பாட்டில் தண்ணிய உறைய வெச்சிப் போட்டா போதாதா?" பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு தம்பி கேட்டான். இரண்டு போதுமா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று, உறைந்த நிலையிலிருந்து உருகித் தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு வருவதற்குள் ஏறக்குறைய 680 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் மூன்றடித் தொட்டியின் 120 லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி இறக்கவே 500 கிலோஜூல் வேண்டும். ஆக ஒரு பாட்டிலுக்கு ஒன்றரை டிகிரிகூடத் தேறாது. இது இறக்குவதற்கான செலவு மட்டும். இறக்கியதை அங்கேயே நிறுத்தி வைப்பதுதான் பெரிய செலவு. 18 டிகிரித் தொட்டியைச் சுற்றி 28 டிகிரிக் காற்று இருந்தால், மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்குள் விநாடிக்கு 100 ஜூல், அதாவது 100 வாட் சூடு விடாமல் நுழைந்துகொண்டிருக்கும். ஒரு நாளைக்கு 8,640 கிலோஜூல். பாட்டில் கணக்கில் 12, 13.

அந்தத் தம்பி வீட்டு ஐஸ்பெட்டியின் மேல் அறையில் கோழியும் மீனும் போக எத்தனை பாட்டில் நிற்கும்? நின்றாலும் ஒன்றரை லிட்டர் கெட்டியாக உறைய ஓர் இரவே போய்விடும். தொட்டியில் ஒரு வரிசை, உறைவதில் ஒரு வரிசை என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதிகாலை ஷிஃப்டுக்குப் போகும் வீட்டில் மத்தியானம் பாட்டில் மாற்றுவது யார்? பாட்டிதான். பாட்டி கோயிலுக்குப் போன அன்று தண்ணீர் ஏறிவிடும். பாட்டில் போட்டதும் இறங்கி, உருகியதும் ஏறி, ஒரே நாளில் நாலைந்து டிகிரி ஊஞ்சலாடுவது நிலையாக 22-இல் இருப்பதைவிட அதற்கு மோசம்.

ஐஸ் பாட்டிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது. மின்சாரம் போகும் நாளுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

இடையில் ஒரு வெள்ளைப் பெட்டி

எந்த இயந்திரத்தையும் வாங்குவதற்கு முன் சந்தை மீன்காரரிடம் போங்கள். மீன் வந்து இறங்கிய போலிஸ்டரீன் பெட்டியைக் கேட்டால் சும்மா கொடுப்பார், இல்லை ஒன்றிரண்டு வெள்ளி (ரிங்கிட்) வாங்குவார். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, பலகை பலகையாக வெட்டித் தொட்டியின் அடி, பின்பக்கம், இரு பக்கவாட்டில் ஒட்டுங்கள். மேலேயும் ஒரு மூடி, காற்றுப் போக இடைவெளி விட்டு. முன்கண்ணாடி மட்டும் பார்ப்பதற்குத் திறந்திருக்கட்டும். ஓர் அங்குலத் தடிமன் போதும்; உள்ளே நுழையும் சூடு பாதிக்கும் கீழே போய்விடும். 13 பாட்டில் வேலை ஐந்தாறு பாட்டில் வேலையாகிறது. சில்லர் என்னும் தண்ணீர் குளிர்விக்கும் இயந்திரம் வைத்தால் அது ஓடும் நேரமும் பாதியாகிறது. இந்த ஊரில் ஆக்ஸலாட்டலுக்காகச் செலவழிக்கும் வெள்ளிகளில் இதைவிடப் பலன் தரும் வெள்ளி இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. 18 டிகிரித் தொட்டியை நம் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் ஐஸ் கச்சாங் கிண்ணம் மாதிரி வியர்க்கும். கண்ணாடியில் வழியும் தண்ணீர் கீழே பலகை மேசைக்குள் இறங்கும், மேசை உப்பும், கொஞ்ச நாளில் தொட்டியே ஒரு பக்கம் சாயும். கீழே எக்ஸ்டென்ஷன் வயரை வைத்திருந்தால் ஆபத்தே வேறு. வியர்வை தண்ணீரையும் சூடாக்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காற்றிலுள்ள ஆவி கண்ணாடியில் படியும்போது தன் சூட்டைக் கண்ணாடியிடம் கொடுத்துவிட்டுத்தான் நீராகும். போலிஸ்டரீன் ஒட்டிய பக்கம் வியர்க்காது.

ஏர்கான்

ஏர்கான் போட்ட அறையில் தொட்டியை வைத்துவிட்டால் தண்ணீர் அறையின் சூட்டைப் பின்தொடரும். குழாய் வேண்டாம், பம்பு வேண்டாம், தொட்டியும் வியர்க்காது. கேட்பதற்கு இதுதான் அழகான வழி.

ஆனால் தூங்கும் நேரம் மட்டும் போடுகிற ஏர்கான் இதற்கு உதவாது. இரவு 20, பகல் 29 என்று தினமும் ஏறி இறங்கும். 24 மணி நேரமும் 18-இல் வைக்க வேண்டும். ஒரு குதிரைத்திறன் இன்வெர்ட்டர் சராசரியாக 400 வாட் இழுத்தால் நாளுக்கு 9.6 யூனிட், மாதம் 288 யூனிட். யூனிட்டுக்கு 45 சென் என்று வைத்தால் 130 வெள்ளி. இதுவும் அறை நன்றாக அடைத்திருந்தால்தான். பலகைச் சுவரும் மேலே காற்று போக விட்ட கம்பி வலையும் உள்ள வீட்டில் 18 என்று ரிமோட்டில் அழுத்தலாமே தவிர அறை 18-க்கு வராது. கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். கடைசியில் என்னைக் கூப்பிடுவீர்கள். எனக்குத் தொழில்தான், இருந்தாலும் சொல்கிறேன்: தொட்டிக்காக ஏர்கான் போடாதீர்கள். வீட்டில் உடல்நிலை காரணமாக யாருக்காவது நாள் முழுக்க ஏர்கான் ஓடுகிறது என்றால் அந்த அறை 23, 24-இல் இருக்கும். அங்கே சிறிய சில்லர் ஒன்று வைத்தால் அதற்கு அதிக வேலை இருக்காது. அது ஒன்றுதான் இதில் எனக்குப் பிடித்த கூட்டணி.

சில்லர்

சில்லர் என்பது ஏர்கானின் தம்பிதான். அதே கம்ப்ரஸர், அதே குளிரூட்டும் வாயு. காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குளிர வைக்கும், அவ்வளவே. விலை குட்டியின் விலையைப்போலப் பல மடங்கு. பல நூறு வெள்ளி ஆகும், பெயர் பெற்றவை ஆயிரத்தைத் தாண்டும். இங்கேதான் பல பேர் பின்வாங்கி, மலிவான இன்னொன்றுக்குப் போகிறார்கள்.

அந்த மலிவானது பெல்டியர் சில்லர். கம்ப்ரஸர் கிடையாது, ஒரு மின்தகடு. கையில் தூக்கலாம், சத்தமில்லை. 20 லிட்டர்த் தொட்டியை இரண்டு மூன்று டிகிரி இறக்க அது போதும். மூன்றடித் தொட்டியை 10 டிகிரி இறக்கச் சொல்வது அதனிடம் கேட்கக் கூடாத வேலை. நாள் முழுக்க ஓடி, கரண்டை இழுத்து, 26-இல் நிற்கும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, உள்ளே கம்ப்ரஸர் இருக்கிறதா என்று கேளுங்கள். தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

கம்ப்ரஸர் சில்லர்களில் பத்தில் ஒரு பங்கு குதிரைத்திறன் கொண்டதே போலிஸ்டரீன் ஒட்டிய 120 லிட்டர்த் தொட்டிக்குப் போதும். 200 வாட் இயந்திரம் நாளில் பாதி நேரம் ஓடுவதாக வைத்தால் 2.4 யூனிட், மாதம் 72 யூனிட், 32 வெள்ளி சொச்சம். ஏர்கான் கணக்கோடு வைத்துப் பாருங்கள். மாதம் நூறு வெள்ளி வித்தியாசம் என்றால் ஒரு வருஷத்துக்குள் சில்லர் தன் விலையைத் தானே கொடுத்துவிடுகிறது.

பொருத்துவதில் இரண்டு மூன்று விஷயம். சில்லர் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அறைக்குள்தான் தள்ளும். அதைத் தொட்டியின் கீழ் அலமாரிக்குள் அழகாக மறைத்துக் கதவைச் சாத்தினால் தன் சூட்டைத் தானே விழுங்கிக்கொண்டு திணறும். ஜன்னலோரம், காற்றோட்டமாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மாதம் ஒரு முறை பின்னால் உள்ள வலைத்தூசியைத் தட்டுங்கள். லாரி ஓடும் செம்மண் பாதையோரம் வீடு என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அடுத்தது நீரோட்டம். ஆக்ஸலாட்டல் தேங்கிய நீரில் பழகியது, வேகம் ஆகாது. சில்லரிலிருந்து திரும்பி வரும் குழாயைக் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பினால் வேகம் உடைந்துவிடும். உறிஞ்சும் வாயில் பஞ்சு மாட்டாவிட்டால் செவுள் இறகு சிக்கும்.

கரண்ட் போனால்? சாயங்கால இடிமழைக்கு நம் பக்கம் மின்சாரம் போவது புதிதல்ல. பயப்பட வேண்டாம். ஒன்றும் ஒட்டாத தொட்டியே மணிக்கு முக்கால் டிகிரிக்குள்தான் ஏறும். போலிஸ்டரீன் ஒட்டியது அதில் பாதிகூட ஏறாது. நான்கு மணி நேரம் போனாலும் 20-க்குள் நிற்கும். அதற்கு மேல் போனால் உறைந்த பாட்டிலை எடுத்துப் போடுங்கள். ஐஸ்பெட்டி மூலையில் நிரந்தரமாக மூன்று நான்கு பாட்டில் வைத்திருப்பது அதற்குத்தான்.

தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பத்துமலைக்குப் போய் இரண்டு நாள் தங்குபவருக்குச் சில்லர் மட்டும்தான் தோது. வளர்ந்த ஆக்ஸலாட்டலுக்கு வாரம் இரண்டு மூன்று முறை தீனி போட்டாலே போதும், இரண்டு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. குளிர் மட்டும் ஒரு நாளும் விடுப்பு எடுக்கக் கூடாது.

மலைக்கு அனுப்புவது

கேமரன் மலையில் சொந்தக்காரர் இருந்தால் இதையும் ஒரு வழியாக எண்ணிப் பாருங்கள். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலம் முதல் அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள், கீழே உள்ள பல குடும்பத்துக்கு ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ ஒரு சித்தப்பா உண்டு. தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம், சராசரி 18 டிகிரிச் சூடு. நிழலில் வைத்த தொட்டி, பகலில் ஒரு காற்றாடி, வேலை முடிந்தது. நம்மிடம் தோற்ற காற்றாடி அங்கே ஜெயிக்கும். ஆனால் பிராணியைப் பார்க்கப் பையன் பள்ளி விடுமுறைக்குத்தான் போக முடியும். தண்ணீர் மாற்றுவது சித்தப்பா தலையில். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேறு பிராணி

சில்லருக்குக் காசு இல்லை என்றால்? ஐஸ் பாட்டிலை வைத்துச் சமாளிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக்குச் சரியான விடை சண்டை மீன்.

இளப்பமாக நினைக்காதீர்கள். வாய்க்கால், வயல் ஓரம் கிடைக்கும் நம் நாட்டுச் சண்டை மீன் இனங்களே இருக்கின்றன. 28 டிகிரித் தண்ணீர் அவற்றுக்குப் பிறந்த வீடு. காற்றை நேராக மேலே வந்து குடிக்கும் உறுப்பு இருப்பதால் ஆக்சிஜன் குறைவும் அவற்றை அவ்வளவாகப் பாதிக்காது. ஆண் மீன் நுரையால் கூடு கட்டி முட்டையைக் காவல் காக்கும். சும்மா தரையில் படுத்துக் கிடக்கும் ஆக்ஸலாட்டலைவிட ஒரு பையனுக்குப் பார்க்க அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம். பையன் ஒத்துக்கொள்ள மாட்டான், அது வேறு. வெட்டுப்பட்ட காலை முழுசாக மறுபடி வளர்த்துக்கொள்ளும் பிராணிக்கு முன்னால் சண்டை மீன் எப்படி எடுபடும்?

நகரத்துக்குள் எங்கும் பொருந்தாத, தோட்டப்பக்கத்துக்கே உரிய சில எச்சரிக்கை. மண்புழு இலவசம் என்று செம்பனை வரிசையில் தோண்டாதீர்கள். களைக்கொல்லி அடித்த மண். வீட்டுக் காய்கறிப் பாத்தியிலோ தூண்டில் கடையிலோ எடுங்கள். டிங்கி ஒழிப்புப் புகை அடிக்க வரும் நாளில் தொட்டியை ஈரத்துணியால் மூடி, காற்றுப் பம்பை நிறுத்துங்கள். கொசுவுக்கு அடிக்கும் மருந்து மீனுக்கும், தோலாலேயே உறிஞ்சும் இந்த மாதிரிப் பிராணிக்கும் விஷம். வளர்க்க முடியவில்லை என்று பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் விடுவது விடுதலை கொடுப்பதாகாது, அந்தச் சூட்டில் அது கொல்வதுதான். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டை, ஆகவே ஒன்று போதும். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ள உயிரினம் இது. எங்கிருந்து வந்தது என்று ரசீதோடு சொல்லும் கடையில் வாங்குங்கள், சந்தேகம் இருந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சில்லர் என்று முடிவெடுத்தவர்களுக்கு வரிசை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதலில் தொட்டி, போலிஸ்டரீன், வடிகட்டி. குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கி ஊற்றுங்கள். தரையில் மாவு மணல் போடுங்கள், இல்லை வெறுமனே விடுங்கள். கூழாங்கல்லை அது விழுங்கிவிடும். அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியா வடிகட்டியில் குடியேற நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகும், குளிரில் இன்னும் இழுக்கும். இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் நம் ஊர்ச் சூடு நல்லது. அதனால் சில்லரை வாங்கியிருந்தாலும் போடாதீர்கள், பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கொஞ்சம் கொஞ்சம் அம்மோனியா விட்டபடி 28-லேயே ஓடட்டும். விட்ட அம்மோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் சோதனைக் குப்பியில் பூஜ்யம் காட்டிய பிறகு சில்லரைப் போட்டு, நாளுக்கு இரண்டு டிகிரி வீதம் 18-க்கு இறக்குங்கள். குளிரில் பாக்டீரியா மந்தமாகும் என்பதால் அங்கே ஒரு வாரம் அதே தீனியோடு விட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் பூஜ்யம் என்றால் பையனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகலாம்.